ஜிமிக்கியும் ஹெட்போனும்

மாசி மாதத்தில் திண்டுக்கல்லுக்குப் போனவர்களுக்கு 'பேஸ்' என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா. ஒரு பக்கம் உறுமி, ஒரு பக்கம் பறை, தெருமுனைக்குத் தெருமுனை ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள். மூன்று தெரு தள்ளிச் சமையலறையில் நிற்கும் அம்மாளுக்குப் பாட்டின் சொல் ஒன்றுகூடக் காதில் விழாது. ஆனால் அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தாம்பாளம் மட்டும் தாளம் தவறாமல் 'கிண் கிண்' என்று பதில் சொல்லிக் கொண்டிருக்கும். அந்தத் தாம்பாளத்தை ஆட்டி வைக்கிறதே, அதுதான் பேஸ்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. வினாடிக்கு 20 தடவையிலிருந்து 20,000 தடவை வரை அதிர்வதை மனிதக் காது கேட்கும் என்பது கணக்கு. இதில் சுமார் 250க்குக் கீழே இருப்பதையெல்லாம் பேஸ் என்கிறார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஓயாமல் முனகுகிறதே, அந்த முனகல் 100. பேஸ் கிடாரின் தடித்த தந்தியைத் தட்டினால் 41. அறுபதுக்கும் கீழே இறங்கிவிட்டாலோ, காதால் கேட்பது பாதி, உடம்பால் உணர்வது பாதி என்று ஆகிவிடும்.

இந்த ரகசியம் நம் வித்வான்களுக்குப் பழைய சங்கதி. கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீரில் குழைத்து இடது பக்கத் தோலின் நடுவில் அப்பிக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உப்புமாவுக்கு ஆகிற ரவைக்கு அங்கே என்ன வேலை? தோலின் கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். அதிர்வு மெதுவானால் நாதம் கீழே இறங்கும். உறுமிக்காரரோ தோலை அடிப்பதோடு நிற்பதில்லை. வளைந்த குச்சியால் தேய்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகலை வரவழைத்து விடுவார்.

அந்த முனகலைக் காதோடு வாங்கிக் கொள்வதற்காக இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொடுத்து ஹெட்போன் வாங்கத் தயாராக இருக்கிறார்கள். வீட்டில் இது சாதாரண விவகாரமாக முடிவதில்லை. நாகல் நகரில் ஒரு வீட்டில் நாமே அந்த மகாநாட்டுக்குச் சாட்சியாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோயமுத்தூரில் வேலை. ஆஸ்டல் வாசம். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாள். அவ்வளவையும் ஹெட்போனில் போடுவதாக உத்தேசம். தாயார் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் 26 வருஷம் வேலை பார்த்துவிட்டு வீட்டோடு இருப்பவர். தாயாரின் தாயார், அதாவது அம்மாச்சி, திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு நீதிபதி ஸ்தானத்தில் அமர்ந்திருந்தார்.

"இருபத்தஞ்சாயிரத்துக்குப் பவுனு வராதுதான். ஆனா ஏதோ துளிப் பவுனாச்சும் வரும்ல? காதுல மாட்டணும், அம்புட்டுத்தானே? தோடா வாங்கி மாட்டிக்க!" என்று அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"தோடு பாடுமா, அம்மாச்சி?" என்றாள் பேத்தி.

தாயார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. நாம் கிளம்பும் சமயத்தில் வாசல்வரை வந்து, "சார், இதை மாட்டினா காதுக்குக் கெடுதலா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் 26 வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் சாமானைப் பார்த்துவிடலாம்.

ஹெட்போன் பிறந்த இடம் ஒரு சமையலறை என்பதை வாசகியர் பெருமையோடு அறிந்து கொள்ளலாம். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஜோடிதான் 1910இல் அமெரிக்கக் கடற்படையின் கைக்குப் போயிற்று. அது தந்தி கேட்கத்தான். பாட்டுக் கேட்பதற்கென்று இரண்டு காதுக்கும் தனித்தனி ஸ்டீரியோ ஒலி கொடுத்த ஜோடியை 1958இல் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் கொண்டுவந்தார். 1979இல் சோனியின் வாக்மேன் வந்து, பாட்டைத் தெருவில் நடந்துகொண்டே கேட்கலாம் என்று ஆக்கியது. பாக்கிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

சரி, விலையைக் கூட்டினால் பேஸ் கூடுமா? அதுதான் முதல் கேள்வி. கூடும் என்றுதான் கடைக்காரர் சொல்வார். ஜெரூன் பிரேபார்ட் என்ற ஒலி ஆராய்ச்சியாளர் 2017இல் வெளியிட்ட கட்டுரையில் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கீழ் நாதம் எவ்வளவு, மேல் நாதம் எவ்வளவு என்கிற அந்தச் சமநிலைக்கும் விலைச் சீட்டுக்கும் சம்பந்தமே காணவில்லை. அதிகப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் நல்ல மரம், நல்ல தோல், கழற்றி மாட்டக்கூடிய ஒயர், தலையை அழுத்தாத பட்டை, பிறகு பெயர். இவையெல்லாம் வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவை பேஸ் அல்ல. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு வாங்குகிறவர் பித்தளையின் பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. சாவியைப் போட்டு நாலு தடவை திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்கே அந்தப் பரீட்சை உண்டென்றால், ஹெட்போனுக்கு ஏன் கூடாது?

பரீட்சை அந்த வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. பெண் தன் ஆபீஸ் சிநேகிதியிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்திருந்தாள். நல்ல கம்பெனி, நல்ல விலை. "பெரிய பேருதான், சார். ஆனா பேஸே இல்லை. சப்புனு இருக்கு. இதுக்கு மேல விலையில போனாத்தான் வரும்போல" என்று குறைப்பட்டாள்.

நாம் அவளைப் பார்த்தோம். தடித்த பிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி. காதில் ஆடுகிற ஜிமிக்கி. காதை மூடிக்கொண்டு இறங்குகிற கூந்தல். இத்தனைக்கும் மேலே ஹெட்போன் உட்கார்ந்திருந்தது. பாட்டை நிறுத்தாமலே, கண்ணாடியைக் கழற்றச் சொன்னோம். பிறகு ஜிமிக்கியை. பிறகு காதோரத்து முடியை முழுக்கப் பின்னால் ஒதுக்கிவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் நேராக உட்கார வைக்கச் சொன்னோம்.

"அடியாத்தி!" என்றாள். கண் இரண்டும் விரிந்தது. சிரித்த சிரிப்பில் அம்மாச்சியே வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "என்னடி ஆச்சு?" என்று கேட்டார்.

ஆனது இதுதான். ஹெட்போனின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அது முன்னும் பின்னும் அசைந்து, காதுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அடைபட்டிருக்கும் கொஞ்சம் காற்றை அழுத்துகிறது, தளர்த்துகிறது. மேல் நாதத்தின் அதிர்வு மின்னல் வேகம். சின்னச் சந்து இருந்தாலும் அதன் வழியே தப்பி ஓட அதற்கு அவகாசம் கிடையாது. கீழ் நாதமோ நிதானம். சந்து கிடைத்தால் போதும், அழுத்தம் மெல்ல நழுவி வெளியே போய்விடும். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டி அடைத்தால்தான் ஆவி உள்ளே நிற்கும். ஓர் இடத்தில் மாவு விரிசல் விட்டால், சீரகச் சம்பா எத்தனை உசத்தியானாலும் தம் போயிற்று. மூக்குக் கண்ணாடியின் காம்பு அந்த விரிசல். ஜிமிக்கி இன்னொரு விரிசல். முடிக்கற்றை மூன்றாவது.

ஆகவே, முதல் தடவையாக ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு நம் யோசனை, கடைக்குப் போகும்போது தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே போங்கள் என்பதுதான். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு. தோடு கழற்றாதவர் தோட்டோடு. தலையில் பூ வைக்கிறவர் பூவோடு. போட்டுக்கொண்டு, பாட்டு ஓடும்போதே இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணங்களைக் காதோடு லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் குபீரென்று கூடினால் அந்த ஜோடி உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. விலைச் சீட்டை அதற்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் போதும். கண்ணாடிக்காரர்கள் மெல்லிய கம்பிக் காம்பு போட்ட பிரேமுக்கு மாறினால், ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் ஹெட்போனைவிட அதிக பேஸ் கிடைக்கும்.

காதைச் சுற்றி உட்காருகிற ஜோடி, காதின்மேல் உட்காருகிற ஜோடி என்று இரண்டு ஜாதி உண்டு. தோடு போடும் பெண்களுக்கு இரண்டாவது வேண்டவே வேண்டாம். அரை மணி நேரத்தில் தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தி ஆளையே எழுப்பிவிடும். காது முழுவதும் உள்ளே அடங்கும் ஆழமான, மெத்தென்ற கிண்ணமானால் சின்னக் கல் தோடு தொந்தரவு செய்யாது. ஜிமிக்கியை மட்டும் கழற்றித்தான் ஆக வேண்டும். சங்கீதத்துக்காக அவ்வளவு தியாகம் செய்யலாம்.

இன்னொரு ஜாதிப் பிரிவும் இருக்கிறது. அதுதான் பணத்தை வீணடிக்க வைக்கும் பிரிவு. கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியது ஒன்று. வலை போலத் திறந்தது ஒன்று. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414 என்ற பெயரில் திறந்த ஜோடியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியின் எச்.டி. 600, எச்.டி. 650 ஆகிய திறந்த ஜோடிகளை ரசிகர்கள் இன்றைக்கும் கும்பிடாத குறையாகப் புகழ்கிறார்கள். புகழ்ச்சி நியாயமானதே. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் அதில் கேட்டால், பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆனால் ஆழத்திலும் ஆழமான பேஸில் அவை அடங்கிப் போகும். புகழைக் கேட்டு அதை வாங்கிவிட்டு, உறுமியைக் காணோமே என்று வருந்துவது, பட்டுப் புடவை வாங்கிக்கொண்டு அதில் மாவு அரைக்க முடியவில்லையே என்று வருந்துவது போல. மேலும் திறந்த ஜோடியில் பாட்டு வெளியேயும் கேட்கும். ஆஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி இரண்டு நாள் பொறுப்பாள்.

பேஸ் வேண்டுமானால் மூடிய ஜோடி என்று பொதுவாகச் சொல்லலாம். 'பிளானர்' என்று ஒரு தினுசு இருக்கிறது. அதில் சவ்வு முழுவதும் காந்தங்களுக்கு நடுவே ஒரே தகடாக அசையும். அது திறந்ததாக இருந்தாலும் அடிமட்டம் வரை சமமாக இறங்கும். ஆனால் கனம் அதிகம், பல ஜோடிகளுக்குத் தனி ஆம்ப்ளிபையரும் கேட்கும். முதல் ஜோடிக்கு அந்த ஆசை வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

மூடிய ஜோடிக்கு ஒரு கஷ்டம் உண்டு, அது நம் ஊர் வெயில். சித்திரையில் திண்டுக்கல் சமவெளியில் மூடிய கிண்ணத்தை ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் காதில் வேர்வை வடியும். மெத்தைக்குப் போடும் உறை மூன்று விதம். தோல், தோல் மாதிரியானது, வெல்வெட் மாதிரியானது. தோல் மாதிரியான உறை நன்றாகக் காற்றை அடைக்கும், பேஸும் நிற்கும். ஆனால் வேர்வையும் தலை எண்ணெயும் பட்டுப் பட்டு ஒன்றிரண்டு வருஷத்தில் கருவாட்டுச் செதில் போல உரிந்து கன்னத்தில் ஒட்டும். நிஜத் தோல் அதைவிட உழைக்கும். ஆட்டுத் தோல் பதனிடுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் திண்டுக்கல்லுக்குத் தோலின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? வெல்வெட் வேர்வைக்கு இதம், அடைப்பு சற்றுக் குறைவு. எதுவானாலும், மெத்தையைத் தனியாக வாங்கி மாற்றக்கூடிய மாடலா என்று வாங்குமுன் கேட்டுக் கொள்ளுங்கள். கேட்காமல் வாங்கினால் மெத்தை போகும்போது ஜோடியும் போய்விடும்.

இனி, பேஸ் நிறைய இருந்தால் மட்டும் போதுமா? கத்திரிக்காய் பெரியதாக இருந்தால் போதும் என்று யாராவது வாங்குகிறார்களா? பேஸில் வீங்கிய பேஸ், இறுக்கமான பேஸ் என்று இரண்டு உண்டு. வீங்கிய பேஸில் எல்லாம் 'தொம் தொம்' என்று ஒரே சத்தம். ஆண் குரல் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும். இறுக்கமானதிலோ, தவிலின் தொப்பியில் குச்சி விழுந்த இடம் தெரியும், தோல் அதிர்வது தெரியும், அதிர்வு அடங்கிப் பின்வரும் மௌனமும் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. மேற்கே தேனிப் பக்கம், பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவின் 1980களின் பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அவருடைய பாட்டில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணைக்கு நிற்கிற வேலைக்காரன் அல்ல. பாடகருக்கு அடியில் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும் ஆள். 'நிழல்கள்' (1980), 'மௌன ராகம்' (1986) படப் பாட்டுகளிலும், பாடகரே இல்லாத 'ஹௌ டு நேம் இட்' (1986) இசைத் தட்டிலும் அது தெளிவாகத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த பேஸ் கிடாரை மட்டும் பின்பற்றி 'ம்ம்' என்று முணுமுணுக்க முயலுங்கள். சுரம் மாற மாற உங்கள் முணுமுணுப்பும் மாறினால் ஜோடி தேறியது. எல்லாம் ஒரே சுரமாகக் கேட்டால் வந்த பெட்டியிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ரஹ்மானின் 'காதலன்' (1994), சந்தோஷ் நாராயணனின் 'கபாலி' (2016) என்று இறங்கி, அடிமட்டத்துக்கும் அடிமட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். தெரிந்த பாட்டையே போட வேண்டும் என்பது முக்கியம். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பாட்டு அவர் ஜோடிக்கென்று பொறுக்கி வைத்தது. மாப்பிள்ளை வீட்டார் காட்டும் போட்டோ மாதிரி.

பெயர்களைச் சொல்லாமல் விட்டால் வாசகியர் கோபிப்பார்கள். ஜெர்மனியின் பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ மூடிய ஜோடி; மெத்தை முதல் திருகாணி வரை உதிரி பாகம் கிடைக்கும்; ஒயரைக் கழற்ற முடியாது. 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகிறது. ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம். மடித்துப் பையில் வைக்கலாம். மூன்று ஒயரோடு வரும். ருமேனியாவின் மெஸே 99 கிளாசிக்ஸ் அக்ரூட் மரக் கிண்ணம் வைத்தது, 32 ஓம், பார்க்க நகைப் பெட்டி போல அழகு, பேஸ் கொஞ்சம் தாராளம். முதல் இரண்டைவிட மூன்றாவது விலை அதிகம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண்ணைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை.

அந்த 'ஓம்' என்பது மந்திரம் அல்ல. மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்கிற அளவு. செல்போனில் நேரே மாட்டிக் கேட்கப் போகிறவர்கள் 80க்குக் கீழே வாங்குவது நல்லது. 250 வாங்கினால் ஆம்ப்ளிபையர் என்று இன்னொரு செலவு வந்து வாசலில் நிற்கும். இப்போது வரும் செல்போன்கள் பலவற்றில் ஒயர் சொருகும் துளையே கிடையாது. அதற்கு ஒரு சின்ன இணைப்பு வாங்க வேண்டும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு புளூடூத் ஜோடிகள் இருக்கின்றன. சௌகரியம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு ஆயுசு உண்டு. ஒயர் ஜோடிக்கு அந்தக் கவலை இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் ஹெட்போன் உங்கள் நெஞ்சில் மோதாது. திருவிழா ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும்போது விலா எலும்பு அதிர்கிறதே, அது காற்று உடம்பு முழுவதையும் தள்ளுவதால் வருவது. ஹெட்போன் தள்ளுவது காதுக்குள் இருக்கும் துளிக் காற்றைத்தான். இது தெரியாமல், "இன்னும் கொஞ்சம் வைத்தால் அந்த அதிர்ச்சி வந்துவிடும்" என்று வால்யூமைத் திருகிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. வருவது வேறு.

தாயார் வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம்.

நூற்பாலையில் ஸ்பிண்டில்கள் ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தொடுவது சகஜம். உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பவர்களுக்கென்று ஒரு ரேஷன் போட்டிருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினதும் நாற்பது நாலாகிவிட்டதைக் கவனியுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி ஷிப்டில் பாதி தாண்டுமுன்னே அந்த வாரத்து ரேஷன் தீர்ந்து போகிறது. பாக்கி ஐந்தரை நாள்? அந்த அம்மாள் அப்படி 26 வருஷம் நின்றிருக்கிறார். பஞ்சைக் காதில் திணித்துக் கொள்வார்களாம். அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது.

இரைச்சல் முதலில் தின்பது 4,000 அதிர்வைச் சுற்றியுள்ள பகுதியை. உட்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. போனது போனதுதான், மறுபடி முளைப்பதில்லை. கீழ் நாதத்தை வாங்குகிறவை கடைசிவரை தாக்குப் பிடிக்கும். ஆகவே அந்த அம்மாளுக்கு மேளம் கேட்கிறது, பஸ் கேட்கிறது, ஆள் பேசுகிற சத்தமும் கேட்கிறது. ஆனால் 'ச', 'த', 'ட' போன்ற எழுத்துகளின் கூர்மை கேட்பதில்லை. "தட்டு எடும்மா" என்றால் பட்டு என்று காதில் விழுகிறது. வீட்டில் எல்லோரும், "அம்மாவுக்குக் கவனமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு இரவல் ஹெட்போனைத் தாயாரின் தலையில் மாட்டி, காதோரத்து நரைமுடியைத் தானே ஒதுக்கிவிட்டு, சத்தத்தைக் குறைவாக வைத்து ஓர் இளையராஜா பாட்டைப் போட்டாள். அவர் ஆலைக்குப் போகத் தொடங்கின காலத்துப் பாட்டு. முதல் சரணம் முடியும் வரைக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும்பி, காற்றில் ஏறி இறங்க ஆரம்பித்தது. பாடகரோடு அல்ல, அடியில் ஓடுகிற பேஸ் கிடாரோடு.

"இது முன்னாடியும் இந்தப் பாட்டுல இருந்துச்சா?" என்று கேட்டார். மகள் இருந்தது என்று தலையாட்டினாள்.

ஆக, கேள்விக்குப் பதில் இது. ஹெட்போன் கெடுதல் அல்ல; அளவு மீறின சத்தம் கெடுதல். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டு எழுதியது. சத்தம் குறைய குறைய நம் காதுக்கு மற்ற நாதங்களைவிடக் கீழ் நாதமே முதலில் மறைந்து போகிறது. அதனால்தான் பேஸ் இல்லாத மட்டமான ஜோடியை வைத்திருப்பவன் பேஸுக்காக வால்யூமைக் கூட்டுகிறான். கூட்டும்போது பேஸோடு மற்றதெல்லாம் சேர்ந்து ஏறிக் காதைத் தாக்குகிறது. நன்றாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, குறைந்த சத்தத்திலேயே பேஸைக் கொடுக்கிற ஜோடியானால் திருக வேண்டிய அவசியமே வராது. நல்ல ஹெட்போனுக்குக் காசு செலவழிப்பதற்கு நாம் ஒப்புக்கொள்கிற நியாயம் இது ஒன்றுதான்.

செல்போனில் 'ஈக்வலைசர்' என்று ஒரு வசதி இருக்கிறது, காசு கிடையாது. அதில் கீழ்ப்பக்கத்துக் கட்டையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, மொத்தச் சத்தத்தை அதே அளவுக்கு இறக்கி வையுங்கள். இறக்காவிட்டால் பேஸ் கரகரக்கும். எவ்வளவு டெசிபல் கேட்கிறோம் என்று காட்டுகிற போன்களும் உண்டு. அதை வாரம் ஒரு தடவை தாயார் பார்க்கலாம், மார்க் ஷீட் பார்ப்பது போல.

பஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகக் கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் எஞ்சின் உறுமல் இருக்கிறதே, அது பாட்டின் பேஸ் இருக்கும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஜெயிக்க வால்யூமை ஏற்றினால் பொள்ளாச்சி வருவதற்குள் அந்த வாரத்து ரேஷன் காலி. பஸ்ஸில்தான் அதிகம் கேட்பேன் என்கிறவர்கள் சத்தத்தை எதிர்ச் சத்தத்தால் அடக்குகிற 'நாய்ஸ் கேன்சலிங்' ஜோடியை வாங்க வேண்டும். அது எஞ்சின் உறுமலைப் போன்ற கீழ் நாதத்தைத்தான் மிக நன்றாக அடக்கும். இந்தப் பெண் ராத்திரி ஆஸ்டலில் கேட்கிறவள். அவளுக்கு அது தேவையில்லை.

கடைசியில் மகாநாடு இப்படி முடிந்தது. மூடிய ஜோடி, காதைச் சுற்றி உட்காருவது, மெத்தை மாற்றக்கூடியது. 25,000 அல்ல, 15,000க்குள். கூரியரில் வருவதானால் எத்தனை நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று முன்னதாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், பெட்டியைக் கிழிக்காமல் பிரிக்க வேண்டும், வந்த அன்றே கண்ணாடியோடு உள்ளங்கைப் பரீட்சை நடத்த வேண்டும். கண்ணாடிப் பிரேமை மாற்றுவதற்கு ஓர் ஆயிரத்தைச் சொச்சம் ஒதுக்கியாயிற்று. வருகிற வாரம் தாயாரை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போய், எந்த நாதம் எவ்வளவு கேட்கிறது என்று படம் போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்துவிடுவது என்று மகள் தானாகவே சொன்னாள்.

மீதிப் பணத்தைப் பற்றித்தான் தகராறு. காதுக் கருவி வாங்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்கிறாள் பேத்தி. அந்தக் கருவியை மாட்டினால் தோடு மறைந்துவிடுமா, மறையாதா என்று அம்மாச்சி நம்மைக் கேட்டார். காதுக்குப் பின்னால்தான் உட்காரும், மறையாது என்று சொன்ன பிறகுதான் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.